மதுவிலும் வருணாசிரமமா?

மனிதனுக்கு ஜாதி வைத்தார்கள். சாமிக்கு ஜாதி வைத்தார்கள். குளத்துக்கும், தெருவுக்கும், சுடுகாட்டுக்குங்கூட ஜாதி வைத்தார்கள். இவ்வளவும் போதாதென்று மண்கலயத்திலும் கண்ணாடிப் புட்டியிலும் புளித்துப் பொங்கும் சாற்றுக்கும் ஜாதி வைத்து, அதைச் சட்டமாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். இதில் சந்தேகமுள்ளவர்கள் செங்கல்பட்டு ஜில்லாவின் கடற்கரையை ஒரு தரம் வடக்கிலிருந்து தெற்காகப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

மாமல்லபுரத்தைச் சுற்றிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பெரிய பெரிய ஓட்டல்கள் இருக்கின்றன. லைசென்சு பெற்ற அவ்விடங்களில் பிரான்சு தேசத்து ஒயினைக் கிண்ணத்தில் ஊற்றி, ஆட்டி, மோந்து, நாக்கில் புரட்டி, இது இன்ன வருஷத்தது, இன்ன மண்ணில் விளைந்தது என்று பேசிக்கொண்டே குடிக்கலாம். அதற்கு நாகரிகம் என்று பெயர். அங்கிருந்து தெற்கே செய்யூர், மதுராந்தகம் பக்கத்துப் பனங்காட்டுக்குப் போனால், ஒரு மனிதன் தன் உயிரைப் பணயம் வைத்து மரமேறி, பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறான். அந்தக் கலயத்தினுள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர், அவன் தொழிலாளி. சுண்ணாம்பு தடவாமலிருந்தால் அது கள், அவன் குற்றவாளி. அதற்குப் போலீசு, கோர்ட்டு, ஜெயில் என்று பெயர்.

இப்படி நாம் எழுதுவதைக் கண்டதும், "சுயமரியாதைக்காரர்கள் குடிக்கு வக்கீலாகக் கிளம்பிவிட்டார்கள்" என்று சிலர் கூச்சல் போடக்கூடும். நாம் குடிக்கு வக்கீல் அல்ல. எந்த அளவு மதுவும் உடம்புக்குத் தீங்கற்றதென்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ம் வருஷம் சனவரியில் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அது கள்ளுக்கும் பொருந்தும், ஒயினுக்கும் பொருந்தும். குடிகாரன் கையால் அடிபடும் பெண்ணுக்கு அவன் குடித்தது பனையிலிருந்து இறங்கியதா, பாரிசிலிருந்து இறங்கியதா என்பதைப் பற்றி அக்கறையில்லை. ஆகவே குடி நல்லதா கெட்டதா என்பதல்ல இங்கே நமது வழக்கு. ஒரே காரியத்தைச் செய்கிற இருவரில் ஒருவனைக் கனவானென்றும் மற்றவனைக் கயவனென்றும் சட்டம் ஏன் பிரிக்கிறது என்பதே நமது வழக்கு.

மேல்நாட்டு ஒயின் இக்கடற்கரைக்குப் புதியதன்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே பாலாறு கடலில் சேருமிடத்திலுள்ள வசவசமுத்திரத்தில் தொல்பொருள் ஆராய்ச்சியார் தோண்டியபோது, ரோமாபுரி வியாபாரிகள் சரக்கு கொண்டுவந்த கூர்ங்கால் சாடிகளின் ஓடுகள் அகப்பட்டன. அவ்வகைச் சாடிகளில்தான் ஒயினும் எண்ணெயும் கப்பலேறி வந்தன. யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கக் குடிக்கும் பாண்டியனைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். இன்னும் தெற்கே கடப்பாக்கத்தருகிலுள்ள ஆலம்பரைக் கோட்டை 1750-ம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரரான டியூப்ளேக்குக் கொடுக்கப்பட்டு, 1760-ல் இங்கிலீஷ்காரர் பிடித்து இடிக்கிறவரை பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. ஆகவே, சீமைச் சரக்கு சீமானுக்கு, பனைச் சரக்கு பாமரனுக்கு என்கிற ஏற்பாடு இந்த மணலில் வெகு காலமாகவே கண்ட சங்கதிதான். அக்காலத்து அரசர்கள் செய்ததை இக்காலத்துக் குடியரசு சட்டமாக்கியிருப்பதுதான் வேடிக்கை.

இந்த இரண்டு சரக்கும் உண்மையில் என்ன? பிரான்சு தேசத்து அறிஞர் லூயி பாஸ்டர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே, சாறு புளித்து மதுவாவது தேவதையின் வேலையுமல்ல, பிசாசின் வேலையுமல்ல, கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் வேலை என்று சோதித்துக் காட்டினார். 1866-ல் ஒயினைப் பற்றியே ஒரு புத்தகம் வெளியிட்டார். திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று அதை ஒயினாக்குகிற அதே இனத்து ஈஸ்ட்தான் பனஞ்சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று அதைக் கள்ளாக்குவதிலும் முதன்மையாக நிற்கிறது. அந்த நுண்ணுயிருக்குத் தான் வேலை செய்வது போர்தோ நகரத்து மரப்பீப்பாயிலா, செய்யூர்ப் பனையின் கலயத்திலா என்று தெரியாது. பார்ப்பனன், பஞ்சமன், வெள்ளைக்காரன் என்ற பேதமும் தெரியாது. ஆறறிவு படைத்ததாகச் சொல்லிக்கொள்ளும் மனிதனுக்குத்தான் அதெல்லாம் தெரிகிறது!

வேகத்தையாவது பார்த்துப் பிரித்தார்களா என்றால் அதுவுமில்லை. கள்ளிலுள்ள சாராயச் சத்து நூற்றுக்கு 5 பங்கு அளவில் இருக்கும். ஒயினில் 12 முதல் 14 பங்கு. சர்க்காரின் டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் என்பவற்றிலோ ஏறக்குறைய 43 பங்கு. 5 பங்குள்ளதை இறக்கினால் குற்றம். 43 பங்குள்ளதைச் சர்க்காரே கடை வைத்து விற்றால் வருமானம். 1983-ல் ஏற்பட்ட அந்தக் கார்ப்பரேஷன், 2003-ம் வருஷக் கடைசியிலிருந்து சில்லறை வியாபாரத்தையும் தானே எடுத்துக்கொண்டது. 2023-24-ம் வருஷத்தில் அதன் மூலம் சர்க்காருக்குக் கிடைத்தது 45,855 கோடி ரூபாய். கள்ளுக்கோ 1987-ம் வருஷம் சனவரி முதல் தடை. அன்று முதல் இன்றுவரை எந்தக் கட்சி நாற்காலியில் உட்கார்ந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் பேதமே இல்லை.

இந்த வித்தியாசத்தின் வேர் எங்கே இருக்கிறதென்று தேடினால் அது மநுதர்மத்தில் இருக்கிறது. யாகத்தில் தேவர்கள் குடித்தால் சோமபானம். சௌத்ராமணி என்ற யாகத்தில் சுராபானத்தையே வைத்துப் படைக்கலாம். ஆனால் யாகத்துக்கு வெளியே சுரையைக் குடிப்பது பஞ்சமாபாதகத்தில் ஒன்று. மது விற்கிறவன் கைச்சோறு உண்ணத்தகாதது. அதாவது குற்றம் சரக்கில் இல்லை, கையில் இருக்கிறதாம். பிராமணன் கையிலிருந்தால் ஆகுதி, மரமேறி கையிலிருந்தால் தீட்டு! மதுரைவீரனுக்கும் காத்தவராயனுக்கும் கள்ளும் சாராயமும், பெரிய கோவில் சாமிக்குப் பாயசமும் பஞ்சாமிர்தமும் என்று சாமிகளின் சாப்பாட்டிலேயே பந்தி பிரித்தவர்கள் மனிதனை விட்டுவிடுவார்களா?

விடவில்லை. கமுதிக் கோவிலுக்குள் 1897-ல் நாடார்கள் நுழைந்ததற்காக நடந்த வழக்கு, கீழ்க்கோர்ட்டு, ஐக்கோர்ட்டு எல்லாம் ஏறி, 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் நாடார்களுக்கு விரோதமாகவே முடிந்தது. கள்ளிறக்குவது அவர்கள் குலத்தொழில் என்பதே அவர்கள் மேல் சுமத்தப்பட்ட தீட்டு. பிரிவி கவுன்சில் இருந்த லண்டன் மாநகரத்துக் கனவான்களின் விருந்து மேஜையில் பிரெஞ்சு ஒயின் இல்லாமல் விருந்தே கிடையாது. அங்கே மதுப் புட்டி கனவானின் அடையாளம். அந்த ஊர்க் கோர்ட்டின் தீர்ப்புப்படி, இங்கே கள்ளுக் கலயம் கோவில் வாசற்படியில் நிறுத்தப்படுவதற்கான அடையாளம்!

இந்தச் சூழ்ச்சிக்குப் பதில் கிடைத்ததும் இதே செங்கல்பட்டில்தான் என்பதை நம் தோழர்கள் மறந்துவிடக்கூடாது. 1929-ம் வருஷம் பிப்ரவரி 17, 18-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் யார்? பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். எந்தச் சமூகம் மரமேறியதென்று கோவிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டதோ அந்தச் சமூகத்தில் பிறந்தவரைத் தலைமை நாற்காலியில் உட்காரவைத்து, ஜாதிப் பட்டங்களை ஒழிக்கத் தீர்மானித்த ஊர் இது. அந்த ஜில்லாவில் இன்றைக்கும் மரமேறி ஒளிந்து பிழைக்கவேண்டியிருக்கிறதென்றால், அந்தத் தீர்மானம் இன்னும் பாக்கியிருக்கிறதென்றுதான் அர்த்தம்.

நிற்க. கள்ளைத் தடுப்பதற்குச் சர்க்கார் தரப்பில் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அதாவது கள்ளில் மயக்க மருந்துகளைக் கலந்துவிடுகிறார்கள், ஆகையால் கள்ளே கூடாது என்பது. கலப்படம் செய்கிறவன் கொலைகாரனுக்குச் சமானம் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால், கலப்படம் பிரான்சு தேசத்தில் நடக்கவில்லையா? நன்றாக நடந்தது. அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நமது சட்டசபைக்காரர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

1860-களிலிருந்து ஒரு பூச்சி திராட்சைக் கொடியின் வேரைத் தின்று அந்த நாட்டுத் தோட்டங்களைப் பாழாக்கிற்று. ஒயினுக்குப் பஞ்சம் வந்தது. உடனே வியாபாரிகள் உலர்ந்த திராட்சையையும் சர்க்கரையையும் தண்ணீரையும் கலந்து "ஒயின்" என்று விற்றார்கள். அதன்மேல் 1889-ல், புதிய திராட்சையோ அதன் சாறோ புளித்து உண்டானதைத் தவிர வேறெதையும் ஒயின் என்று விற்கக்கூடாதென்று சட்டம் வந்தது. அப்போதும் புரட்டு நிற்கவில்லை. விலை விழுந்து வயிறு காய்ந்த தெற்கத்திக் குடியானவர்கள் 1907-ல் லட்சக்கணக்கில் திரண்டார்கள். நார்போன் நகரத்தில் சர்க்கார் சிப்பாய்கள் சுட்டார்கள், மனிதர்கள் செத்தார்கள். குடியானவன் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த ஒரு பட்டாளமே மேலதிகாரிக்குக் கீழ்ப்படிய மறுத்தது. அந்த ஜூன் மாதத்துக்குள்ளேயே, ஒவ்வொருவனும் எவ்வளவு ஒயின் எடுத்தான் என்று கணக்குக் கொடுக்கவேண்டும், சர்க்கரை சேர்ப்பதற்கு வரி கட்டவேண்டும் என்று சட்டம் பிறந்தது. 1911-ல் ஷாம்பேன் பிரதேசத்தில், வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து தங்கள் ஊர்ப்பெயரில் விற்ற வியாபாரிகளின் பீப்பாய்களைக் குடியானவர்கள் தெருவில் உருட்டி உடைத்தார்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் 1935-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி ஊர்ப்பெயர்ச் சட்டம் ஏற்பட்டது. இன்ன ஊரின் பெயரைப் புட்டியில் போடவேண்டுமானால் திராட்சை இன்ன எல்லைக்குள் விளைந்திருக்கவேண்டும், இன்ன ஜாதிக் கொடியாக இருக்கவேண்டும், ஏக்கருக்கு இன்ன அளவுக்கு மேல் எடுக்கக்கூடாது, கொடியை இன்னபடி கழிக்கவேண்டும் என்றெல்லாம் விதி. ஷாம்பேனுக்குத் திராட்சையைக் கையால்தான் பறிக்கவேண்டும் என்பதுகூட விதி.

நன்றாகக் கவனியுங்கள். கலப்படம் செய்தவனைப் பிடித்தார்கள். கொடி வளர்த்தவனைப் பிடிக்கவில்லை. பரிசோதகரை வைத்தார்கள், திராட்சைக் கொடியை வெட்டச் சொல்லவில்லை. இதெல்லாம் சர்க்காருக்குத் தானாகத் தோன்றிய புத்தியுமல்ல. குடியானவன் தெருவில் நின்று ரத்தம் சிந்தி வாங்கியது. நம் நாட்டிலோ பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்பதற்காக மாட்டை ஜெயிலில் போடுகிற நியாயத்தைப் பனைக்கு மாத்திரம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பனையே தமிழ்நாட்டின் மாநில மரமாம்! மரத்துக்குப் பட்டம், மரமேறிக்குத் தண்டனை. பக்கத்துப் புதுச்சேரியில் கள்ளுக்கடை உண்டு. கேரளத்தில் கள்ளுக்கடையும் உண்டு, கள்ளுத் தொழிலாளருக்கு 1969-ம் வருஷச் சட்டப்படி க்ஷேமநிதியும் உண்டு. எல்லைக் கல்லைத் தாண்டினால் தொழிலாளி, இந்தப் பக்கம் வந்தால் குற்றவாளி என்றால், குற்றம் கள்ளிலா, கல்லிலா?

ஊர்ப்பெயர்ச் சட்டம் நமக்குப் புரியாத வித்தையுமல்ல. நம் இந்தியாவிலும் 1999-ல் புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குக் குறியீடு கிடைத்திருக்கிறது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குக் கிடைத்திருக்கிறது. கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்கும் கிடைத்திருக்கிறது. பனஞ்சாற்றைக் காய்ச்சினால் தேசத்தின் பெருமை, காய்ச்சாமல் விட்டால் தேசத்துக்கு அவமானமா என்று கேட்கிறோம்.

இஃதிப்படியிருக்க, பிரான்சுக்காரன் செய்வதெல்லாம் அறிவு என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கச் சொல்லுகிறோமென்று யாரும் எண்ணவேண்டாம். புரோகிதம் எந்தத் தேசத்திலிருந்தாலும் புரோகிதந்தான். ஒயினுக்கு அங்கே ஒரு மதமே இருக்கிறது. பர்கண்டியில் 1934-ல் ஏற்படுத்தப்பட்ட ஒரு ஒயின் சங்கத்தார் சிவப்பும் பொன்னிறமுமான அங்கியைப் போட்டுக்கொண்டு, பழைய மடத்துத் துறவிகள் கட்டிய மாளிகையில் கூடி, புதியவர்களுக்குத் தீக்ஷை கொடுப்பதுபோல் சடங்கு நடத்துகிறார்கள். சனவரி மாதத்தில் வின்சென்ட் என்ற ஞானியாரின் பொம்மையைத் தூக்கிக்கொண்டு தோட்டந்தோறும் ஊர்வலம் போகிறார்கள். நம்மூர்ச் சாமி புறப்பாட்டுக்கும் இதற்கும் வாகனம் ஒன்றுதான் வித்தியாசம். இதைவிட விசேஷம், பசுவின் கொம்பில் சாணியை அடைத்து மண்ணில் புதைத்து, பிறகு எடுத்துத் தண்ணீரில் கலக்கித் தெளித்தால் ஆகாய சக்தி இறங்குமென்று 1924-ல் ரூடால்ப் ஸ்டெய்னர் என்பவர் உபதேசித்ததை, பர்கண்டியின் மிக விலையுயர்ந்த தோட்டங்கள் சிலவற்றில் இன்றும் சிரத்தையாகச் செய்கிறார்கள். பஞ்சகவ்வியத்துக்கு வெள்ளைக்காரச் சித்தப்பன் ஒருவன் இருக்கிறான் என்று நம் வைதீகர்கள் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்!

நாக்கின் மகிமையும் இப்படித்தான். 1976-ம் வருஷம் மே 24-ந் தேதி பாரிசில், புட்டியின் பெயரை மறைத்து ஊற்றிக் கொடுத்தபோது, பிரெஞ்சு நிபுணர்களே தங்கள் நாட்டுப் பேர்போன ஒயின்களைக் கீழே தள்ளிவிட்டு அமெரிக்காவின் கலிபோர்னியா ஒயினுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள். 2001-ல் வெளியான இன்னொரு சோதனையில், போர்தோவில் ஒயின் சாஸ்திரம் படிக்கும் 54 பேருக்கு வெள்ளை ஒயினிலேயே மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதை மோந்துவிட்டுச் சிவப்பு ஒயினுக்குரிய வருணனைகளையே எழுதிக் கொடுத்தார்கள். கண் சொன்னதை மூக்கு ஒப்பித்தது, அவ்வளவுதான். பெயர்ச் சீட்டை மறைத்தால் பெருமை பறந்துபோகும் என்பது புட்டிக்கு மட்டுமல்ல, பூணூலுக்கும் பொருந்தும். நாம் அந்த நாட்டிலிருந்து இறக்குமதி செய்யவேண்டியது அங்கியையும் கொம்பையுமல்ல. கண்ணை மூடிச் சோதிக்கும் அந்தப் புத்தியையும், கலப்படக்காரனைப் பிடிக்கும் சட்டத்தையுந்தான்.

அதோடு இன்னொன்றும் இருக்கிறது. அந்த நாடே 1991-ல் ஒரு சட்டம் செய்து டெலிவிஷனிலும் சினிமாவிலும் மது விளம்பரத்தைத் தடுத்துவிட்டது. 1960-ம் வருஷ வாக்கில் தலைக்கு வருஷத்துக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்த ஜனங்கள் இன்று அதில் பாதிகூடக் குடிப்பதில்லை. யாரையும் ஜெயிலில் தள்ளி இது வரவில்லை.

நம் கடற்கரையில் நடந்தது என்ன? 2023-ம் வருஷம் ஏப்ரலில், பெரிய மகாநாடுகளிலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் மது பரிமாற விசேஷ லைசென்சு கொடுக்கலாமென்று சர்க்கார் விதி வெளியிட்டது. முதலில் கல்யாண மண்டபங்களையும் அதில் சேர்த்திருந்து, கூச்சல் வந்தபிறகு அதை மாத்திரம் எடுத்துவிட்டார்கள். அடுத்த மே மாதத்தில், மரக்காணத்துக்கருகே எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு ஜில்லா சித்தாமூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும், தொழிற்சாலைக்குரிய மெத்தனால் என்ற விஷத்தைச் சாராயமென்று விற்க, அதைக் குடித்த ஏழைகள் 20 பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். செத்தவர்களில் ஒயின் கிண்ணத்தை ஆட்டி மோந்தவர் ஒருவருமில்லை. சீமான் குடிக்கும் புட்டிக்கு முத்திரை, பரிசோதனை, லைசென்சு எல்லாம் உண்டு. ஏழை குடிப்பதற்கு இருட்டு ஒன்றுதான் லைசென்சு. அவன் செத்தபின்பு பெண்சாதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுவதற்குப் பெயர் தர்மமாம்!

"அப்படியானால் தெருவுக்குத் தெரு கள்ளுக்கடை திறக்கச் சொல்லுகிறீர்களா?" என்று கேட்பவர்களுக்கு நமது பதில் இது. பெரியார் ஒத்துழையாமைக் காலத்தில் தம் தோப்பிலிருந்த தென்னைகளையே கள்ளுக்கு உதவக்கூடாதென்று வெட்டித் தள்ளியவர். அவரே பின்னாளில், சட்டத்தால் திணிக்கும் மதுவிலக்கைக் கண்டித்தும் பேசினார். குடியின்மேல் ஆசை வந்தா மாறினார்? இல்லை. மதுவிலக்கு என்ற பெயரால் யார் பிழைக்கிறார்கள், யார் சாகிறார்கள் என்று பார்த்ததனால்தான். நாமும் அந்தக் கணக்கைத்தான் போடச் சொல்லுகிறோம்.

மது முழுவதும் கூடாதென்று சர்க்கார் மனப்பூர்வமாக நினைத்தால், முதலில் தன் டாஸ்மாக்கை மூடட்டும். நட்சத்திர ஓட்டல் லைசென்சைக் கிழிக்கட்டும். பிறகு மரமேறியிடம் வரட்டும். அந்தத் தைரியமில்லையென்றால், சாராயச் சத்தை அளந்து, கலப்படத்தைச் சோதித்து, எல்லாச் சரக்குக்கும் ஒரே சட்டம் செய்யட்டும். மரத்துக்கு நம்பர், மரமேறிக்குச் சீட்டு, கலயத்துக்குப் பரிசோதனை, விழுந்து செத்தால் குடும்பத்துக்கு நிதி, கலப்படம் செய்தவனுக்குக் கடுந்தண்டனை என்று எழுதுவது, ஷாம்பேனுக்கு எல்லை வகுத்ததைவிடக் கஷ்டமான காரியமல்ல. குடிக்காதே என்று சொல்லவேண்டியது நமது வேலை. அதை நாம் பெண்களையும் முன்னிறுத்தி, வீடு வீடாகவும் மேடை மேடையாகவும் சொல்லிக்கொண்டேயிருப்போம்.

கடைசியாக, மாமல்லபுரத்தில் ஒயின் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பண்பாடு பேசும் கனவான்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கிண்ணத்தில் பொங்குவதும் பனைமரத்துக் கலயத்தில் பொங்குவதும் ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். அல்லது இரண்டுக்கும் உள்ள பேதத்தைச் சோதித்துக் காட்டுங்கள். இரண்டுக்கும் தயாரில்லையென்றால், உங்கள் தோளில் தெரியாவிட்டாலும், நீங்கள் பிடித்திருக்கும் புட்டியின் கழுத்தில் பூணூல் தொங்குகிறதென்று நாம் சொல்லித்தான் தீரவேண்டியிருக்கிறது.